காலிக்குப் போகுமுன் அந்தக் கல்லைப் பாருங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கிற நம்மாட்களுக்கு விடிந்தால் காலி வீதிதான், ஆனால் அந்த வீதி போய்ச் சேருகிற ஊரில் தமிழுக்கும் ஒரு பழைய இடம் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. காலிக்குப் போகப்போகிறோம் என்று யார் சொன்னாலும், முதலில் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் இருக்கிற தேசிய நூதனசாலைக்கு, அதாவது அருங்காட்சியகத்துக்கு, ஒருதரம் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

காலி மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக் கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கப்பலில் கொண்டுவந்தது, 1911இல் காலியில் ஒரு மதகில் கிடந்து அகப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், அதாவது இலங்கையின் தென்கோடியில் உள்ள தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கும், பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்த காணிக்கைகளை வெட்டியிருக்கிறார்கள். உச்சியில் இரண்டு டிராகன்கள், அவற்றுக்குக் கீழே தமிழ்! எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது, இருந்தாலும் கிட்டப் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சீனாவிலிருந்து புறப்படும்போதே தமிழிலும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் இந்தக் கடலில் தமிழ் எவ்வளவு புழங்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் காலிக் கோட்டை. போர்த்துக்கேயர் 1588இல் கட்டத் தொடங்கினார்கள், தெய்வேந்திரமுனைக் கோயிலை இடித்ததும் அதே வருடம்தான். 1640இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர். இந்தக் கைமாற்றத்தைப் பழைய வாசலிலேயே பார்க்கலாம்: வெளிப்பக்கம் ஆங்கிலேயர் சின்னம், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சிங்கங்கள், அவற்றின் மேலே ஒரு சேவல். வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கிற மீரான் பள்ளிவாசலையும் விட்டுவிடாதீர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள்.

2004 சுனாமியில் மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது, வெளியே இருந்த கிரிக்கெட் மைதானம் சின்னாபின்னமானது. அதைத் திருத்திக் கட்டிய பிறகு, 2010 ஜூலையில் நம்ம முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்ததும் அதே மைதானத்தில்தான். டெஸ்ட் நடக்கும் நாளில் போனால் கோட்டை மதிலில் நின்றே ஆட்டம் பார்க்கலாம்.

கொழும்பிலிருந்து ரயிலில் போங்கள், வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.