ஏழாம் மாத நாட்குறிப்பு: அரிப்பும் அதற்கான மருந்தும்

2025 மே 12, திங்கள்

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். வீட்டில் எல்லோரும் விடியுமுன்பே வைகைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் போகவில்லை. கூட்டம் ஆகாது என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். உண்மையில் ராத்திரி முழுக்க அரிப்பு, தூக்கமே இல்லை. கர்ப்பத்தில் வெள்ளைபடுவது கூடத்தான் செய்யும். ஆனால் இது வேறு மாதிரி. தயிர் திரிந்தாற்போல் திட்டுத்திட்டாக வருகிறது, வாடை இல்லை. சிறுநீர் பட்டால் எரிகிறது, அந்த இடமெல்லாம் சிவந்து கிடக்கிறது.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "உடம்புச் சூடுடி. வெந்தயத்தை ஊறவச்சுக் குடி, கேட்டிரும்" என்றார். வெந்தயம் குடித்தேன், வயிற்றுக்கு நல்லதுதான். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போகிறேன்.

மே 13, செவ்வாய்

இவர் மெடிக்கலில் கேட்டு ஒற்றை மாத்திரை வாங்கி வந்தார். ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, 150 மில்லிகிராம். மாசமாக இருப்பவளுக்கு என்று இவரும் சொல்லவில்லை, கடையில் அவர்களும் கேட்கவில்லை. பிரிக்காமல் கைப்பையில் வைத்திருக்கிறேன். டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும்.

மே 14, புதன்

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "பூஞ்சைத் தொற்றும்மா. மாசமா இருக்கிறவங்களுக்குச் சகஜமா வர்றதுதான், பயப்படாதே" என்றார். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பல பெண்களின் உடம்பில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறதாம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறும்போது பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து கூடுகிறது. அதைத் தின்று ஈஸ்ட் பெருகுகிறது. போன மாதம் சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அது அங்கே காவல் இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்திருக்கும் என்றார். இவ்வளவு தெளிவான காரணம் இருக்கும்போது எத்தனை தலைமுறையாகப் பெண்கள் இதைச் சூடு என்றே பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

கைப்பையிலிருந்த மாத்திரையைக் காட்டினேன். உடனே வாங்கி வைத்துக்கொண்டார். வாய்வழி ஃப்ளுகோனசோலுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஓர் ஆய்வு வந்ததால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் கர்ப்பிணிகள் விஷயத்தில் கவனமாக இருக்கச் சொன்னதாம். பாதுகாப்பான மருந்து கையில் இருக்கும்போது அது எதற்கு என்றார்.

எனக்கு எழுதிக் கொடுத்தது க்ளோட்ரிமசோல், 100 மில்லிகிராம். இதுவும் பூஞ்சை மருந்துதான், ஆனால் ராத்திரி படுக்கும்போது பிறப்புறுப்புக்குள் வைக்கிற மாத்திரை. மற்றவர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள் மருந்தும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு 7 இரவுகள். குழந்தைக்கு ஏதும் ஆகுமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைப் பொதுவாக இந்தத் தொற்று பாதிக்காது என்றார். பிரசவ நேரத்தில் தொற்று இருந்தால் சில குழந்தைகளுக்கு வாயில் வெள்ளைப் படலம் வரலாம், அதற்கும் மருந்து இருக்கிறது. இதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

மே 15, வியாழன்

சர்க்கரைப் பரிசோதனை. சர்க்கரை கூடினாலும் இந்தத் தொற்று வரும் என்பதால் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 118.

மே 17, சனி

அரிப்பு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இதோடு போதும் என்று நிறுத்தினால் மிச்சமிருப்பது மறுபடி கிளம்பும், அதனால் முழுதாகப் போட்டுத்தான் முடிப்பேன்.

அத்தை டெட்டால் தண்ணீரில் கழுவச் சொன்னார். வேண்டாம் அத்தை, எரிச்சல்தான் கூடும், வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் ஊற்றக்கூடாதாம் என்றேன். கேட்டுக்கொண்டார். இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை, ஈரம் பட்டால் உடனே மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. மதுரை வெயிலில் மதியமே வேர்த்து நனைந்துவிடுகிறது.

மே 21, புதன்

நேற்றோடு மருந்து முடிந்தது. அரிப்பும் எரிச்சலும் இல்லை. இவருக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டிருந்தேன். அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தேவையில்லையாம்.

மாடி வீட்டுத் தங்கச்சிக்கு ஐந்தாம் மாதம். என் மருந்தின் பேரைக் கேட்டு வந்தாள். விசாரித்தால், அவளுக்குச் சாம்பல் நிறத்தில் தண்ணியாக, மீன் வாடையோடு போகிறதாம். அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது, பூஞ்சை மருந்துக்குக் கேட்காது. அதனால் மருந்தின் பேரை நான் சொல்லவில்லை. இந்தத் தொந்தரவைத் தன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறாள், பாவம். நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளோடு நானும் போகிறேன்.