பொருளைச் சொல்லாத பெயரே நல்ல பெயர்: செக்கு எண்ணெய், மசாலா தொழில் தொடங்குபவர்களுக்கு

மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டப் போகிறீர்கள், அல்லது வீட்டில் சாம்பார் பொடியும் இட்லிப் பொடியும் அரைத்துப் பாக்கெட் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் யோசிக்க உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்தில் நோட்டில் விழும் சொற்கள் பெரும்பாலும் இவைதான்: இயற்கை, பாரம்பரியம், நாட்டு, மரச்செக்கு, பாட்டி, கைமணம், ஆர்கானிக், சொந்த ஊர், குலதெய்வம். எல்லாமே நல்ல சொற்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் நாளைக்குக் கடை போடுபவரும் இவற்றையேதான் எழுதுவார். பொருளைச் சொல்லும் சொல் அந்தப் பொருளை விற்கும் எல்லாருக்கும் பொது. அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. 1999-ம் ஆண்டு வணிகச் சின்ன (டிரேட்மார்க்) சட்டத்தின் 9-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பொருளின் வகை, தரம், ஊர் ஆகியவற்றை மட்டும் குறிக்கும் பெயரைச் சாதாரணமாகப் பதிவு செய்யமாட்டார்கள்.

இதற்குத் திருநெல்வேலியை விட நல்ல பாடம் இல்லை. 'திருநெல்வேலி அல்வா' என்று அந்த ஊரில் எத்தனையோ கடைகள் எழுதுகின்றன. நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் கடைக்கு மட்டும், மங்கலான விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து மக்களே 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருட்டுக்கும் அல்வாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு எந்தக் கடையும் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து இன்னொருவர் அல்வா விற்றபோது வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2015-ல் தீர்ப்பு வந்தது: எதிர்த் தரப்பின் கையில் பதிவுச் சான்றிதழே இருந்தாலும், முன்பிருந்து பயன்படுத்தி வருபவரின் உரிமைதான் பெரிது. பெயர் தேடுபவர்கள் இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். இருக்கும் பெயரோடு ஊரையோ 'நியூ'வையோ ஒட்டினால் அது புதுப் பெயர் ஆகிவிடாது. பதிவேட்டில் இல்லை என்பதால் மட்டும் ஒரு பெயர் காலியாக இருக்கிறது என்றும் ஆகாது.

திண்டுக்கல்லில் 1957-ல் தொடங்கிய பிரியாணிக் கடையின் முதல் பெயர் ஆனந்த விலாஸ். அப்படி ஒரு பெயர் ஊருக்கு ஊர் இருக்கும். உரிமையாளர் கட்டியிருந்த தலைப்பாகையை வைத்து ஜனங்கள் கூப்பிட்ட 'தலப்பாகட்டி'தான் நின்றது.

ஆகவே பெயரை இரண்டு துண்டாக யோசியுங்கள். முன்னால் உங்களுக்கே உரிய ஒரு சொல், பின்னால் பொருளைச் சொல்லும் சொல். 'குருவி மரச்செக்கு எண்ணெய்' என்றால் குருவிதான் பெயர், மற்றது விளக்கம். (எடுத்துக்காட்டுக்காக மட்டும் சொல்கிறேன், இது காலியா என்று தேடிப் பார்க்கவில்லை.) நாளைக்குச் சிறுதானியமும் கருப்பட்டியும் விற்கத் தொடங்கினால் பின்துண்டை மாற்றினால் போதும். 'செக்கு' என்பதையே பெயராக வைத்தவர் மிளகாய்ப் பொடி பாக்கெட்டில் என்ன எழுதுவார்? பேட்டைப் பெயர் வைத்தவருக்கு இரண்டாவது கிளை திறக்கும்போது இதே சிக்கல் வரும்.

உணவுத் தொழிலில் சில சொற்களுக்குக் கூடுதல் விலை உண்டு. 'ஆர்கானிக்' என்று பெயரிலோ லேபிளிலோ போட வேண்டுமானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ம் ஆண்டு விதிப்படி இயற்கை விளைபொருள் சான்று வேண்டும். 2018-ம் ஆண்டு விளம்பர விதிகளில் இன்னொன்று இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பிராண்டு பெயரிலேயே நேச்சுரல், பியூர், டிரெடிஷனல், ஒரிஜினல், ஃபிரெஷ் போன்ற அடைமொழி இருந்து, அது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கக்கூடியதாக இருந்தால், 'இது பிராண்டு பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது' என்ற பொருளில் ஒரு வரியை 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் லேபிளில் அச்சிட வேண்டும். தரத்தைச் சொல்ல ஆசைப்பட்டு வைத்த பெயருக்குக் கீழே அதை மறுக்கும் வரி! அந்த அடைமொழியே வேண்டாம்.

புவிசார் குறியீடு பெற்ற பெயர்களும் அப்படித்தான். கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு ஆகியவை அந்தந்த ஊர் உற்பத்தியாளர்கள் எல்லாருக்கும் சேர்ந்த சொத்து. தனி ஒருவர் இவற்றைத் தன் பிராண்டாகப் பதிய முடியாது. வெளியூரில் செய்து இந்தப் பெயரில் விற்றால் சட்டச் சிக்கல் வரும்.

சாமி பெயர் வைக்கும் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். பில் தலைப்பில், உரிமையாளர் நிறுவனத்தின் பெயரில் தாராளமாக வையுங்கள். பாக்கெட்டில் நிற்கும் பிராண்டுக்கு மட்டும் சாமி பெயர் தனியாகப் போதாது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரை ஒருவர் கேட்டபோது, புனித நூலின் பெயரைத் தனியாக யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2015-ல் சொல்லிவிட்டது. காந்தி, நேரு, சிவாஜி மகராஜ் பெயர்களை வணிகத்துக்குப் பயன்படுத்த 1950-ம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது.

இனி பெயரைச் சோதிக்கும் வேலை. முதலில் காது. நோட்டில் மிஞ்சிய நான்கைந்து பெயர்களையும் போனில் பத்துப் பேருக்கு ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குருவி என்றால் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதுவார்கள். தாழை அழகான சொல். ஆனால் தமிழிலேயே மூன்று 'ல'கரத்தில் எது என்ற குழப்பம் வரும், ஆங்கிலத்தில் இசட்-எச் போடுபவர் பாதி, எல் போடுபவர் பாதி. எல் போட்டு எழுதியதை வெளியூர்க்காரர் 'தலை' என்று வாசிப்பார். ழ, ஞ, ற்ற வரும் பெயர்களில் இது நிச்சயம் நடக்கும். த, ட, ச வரும் பெயர்களிலும் ஓரளவு நடக்கும். பத்தில் மூன்று பேர் மாற்றி எழுதினாலே, இணையத்தில் தேடி வருபவர்களில் ஒரு பகுதி உங்களைக் கண்டுபிடிக்காமல் போய்விடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்தான் வேண்டும் என்றால் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் இணைய முகவரி வாங்கிவிடுங்கள். எண் கணிதத்துக்காக ஆங்கிலத்தில் கூடுதலாக ஓர் ஏ, ஓர் எச் சேர்க்கும்போதும் இதே இழப்புதான். அதைச் செய்வதாக இருந்தால் பதிவுக்கு முன்பே செய்து முடியுங்கள். பிறகு மாற்றினால் எல்லா ஆவணமும் மாற வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் விற்பதாக இருந்தால் அந்த ஊர் ஆளிடமும் கேளுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் சகஜமாக வரும் 'பட்டி' மலையாளத்தில் நாய்.

அடுத்தது கண். தமிழ் எழுத்தை எண்ணி இடத்தைக் கணக்கிட்டால் ஏமாறுவோம், வடிவத்தை எண்ண வேண்டும். 'சோலை' இரண்டே எழுத்துதான். ஆனால் போர்டில் இரட்டைக்கொம்பு, ச, கால், ஐகாரக் கொம்பு, ல என்று ஐந்து வடிவம். 'மருதம்' நான்கு எழுத்து, நான்கே வடிவம். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது பலகை எழுதுவதில் பழைய கணக்கு. 60 அடி தள்ளி எதிர்ச்சாரியில் நிற்பவர் படிக்க எழுத்து 6 அங்குல உயரமாவது வேண்டும். பத்தடி நீளப் பலகையில் 10 அங்குல உயரத்தில் எழுதினால், ஒரு வடிவத்துக்குச் சுமார் 10 அங்குல அகலம், ஓரம் விட்டுப் பார்த்தால் பத்துப் பதினோரு வடிவம்தான் கொள்ளும். 'ஸ்ரீ அன்னை இயற்கை மரச்செக்கு எண்ணெய் நிலையம்' என்று கொடுத்தால் எழுதுபவர் நெருக்கி நெருக்கி எழுத்தை நாலு அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் கோடுதான்.

பலகைக்குத் தமிழ்நாட்டில் விதியும் உண்டு. கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ் மேலே இருக்க வேண்டும், மற்ற மொழிகள் கீழே. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம். தமிழ் 10 அங்குலம் என்றால் ஆங்கிலம் 6. ஆக, தமிழில் எழுதினால் அழகில்லாத, வாயில் நுழையாத ஆங்கிலப் பெயரை வைத்துவிட்டுப் பிறகு தமிழ்ப்படுத்தத் தவிக்க வேண்டாம். பலகையில் ஜிஎஸ்டி எண்ணுக்கும் இடம் விடுங்கள்.

காதும் கண்ணும் ஒத்துக்கொண்ட பிறகு தேடல். இந்திய வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். பெயரை முழுதாகப் போட்டு 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் பிழை. 'கன்டெய்ன்ஸ்' (உள்ளடங்கிய) என்ற முறையில் பெயரின் பாதியைப் போட்டுத் தேடுங்கள், ஒலி ஒப்புமைத் தேடலையும் ஓட்டுங்கள், உங்கள் பத்துப் பேர் எழுதிய எல்லா எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்காக நடந்த குளுக்கோவிட்டா, குளுவிட்டா வழக்கிலும் அம்ருததாரா, லக்ஷ்மண்தாரா வழக்கிலும் கோர்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடவில்லை. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்றுதான் பார்த்தது. நீங்களும் அப்படியே பாருங்கள். தேடல் முடிவில் ஒரு பெயருக்கு 'கைவிடப்பட்டது' என்ற நிலை இருந்தால் அவசரப்படாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டவர் விண்ணப்பத்தைத்தான் கைவிட்டிருப்பார், வியாபாரத்தை விட்டிருக்கமாட்டார். அதனால் கூகுள் மேப்பிலும் ஆன்லைன் கடைகளிலும் மாவட்ட மொத்த வியாபாரிகளிடமும் விசாரித்துவிடுங்கள்.

தேடும்போது சரியான வகுப்பில் தேட வேண்டும். பொருள்களையும் சேவைகளையும் பதிவேட்டில் மொத்தம் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சமையல் எண்ணெய், ஊறுகாய், நெய் 29-ல்; மசாலாப் பொடி, அரிசி, மாவு, முறுக்கு, மிட்டாய் 30-ல்; ஓட்டல் 43-ல்; பலருடைய பொருளை வாங்கி விற்கும் கடை என்றால் 35. தேங்காய் எண்ணெயில் மட்டும் ஒரு நுணுக்கம்: சமையலுக்கு என்றால் 29, தலைக்குத் தேய்க்க என்றால் 3. செக்கு போடும் பலர் 29-ல் மட்டும் பதிந்துவிட்டுக் கூந்தல் எண்ணெயை அதே பெயரில் விற்கிறார்கள். அதற்குப் பாதுகாப்பு குறைவு.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவம். தனிநபருக்கும், உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்று உள்ள சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் லோகோவை விடுங்கள், சொல்லை முதலில் பதியுங்கள். லோகோ மாறும், சொல் மாறாது. தமிழ் எழுத்தில் பதிந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதிவு அலுவலகம் அனுப்பும் ஆய்வு அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் பதிலுக்கு 30 நாள்தான். அதைத் தவறவிட்டு விண்ணப்பம் கைவிட்டதாகப் போவது அடிக்கடி நடக்கிறது, மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பிறகு வணிகச் சின்ன இதழில் வெளியாகி 4 மாதம் எதிர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தால் விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருடம் செல்லும். பதிவு கிடைக்கும் வரை டிஎம் குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

ஜிஎஸ்டி சான்றிலோ கம்பெனிப் பதிவிலோ பெயர் வந்துவிட்டால் பிராண்டு உரிமை வந்துவிட்டதாக நினைப்பது தவறு. அவை வேறு, இது வேறு. ஆனால் ஜிஎஸ்டியின் வணிகப் பெயர், நடப்புக் கணக்கு, உணவு உரிமம், லேபிள் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். க்யூஆர் ஸ்கேன் செய்யும் வாடிக்கையாளர் திரையில் வேறு பெயரைப் பார்த்தால் பணம் போடத் தயங்குவார்.

பாக்கெட் ரோல் அச்சடிக்க இப்போதே ஆர்டர் கொடுக்காதீர்கள். அதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செய்வார்கள்; பெயர் மாறினால் பெயர் வரும் சிலிண்டர்களையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். ஆய்வு அறிக்கை வரும் வரை வெறும் பையில் ஒட்டு லேபிள் போதும். அந்தப் பெயரில் போட்ட முதல் பில், முதல் லேபிள், அச்சகத்தின் ரசீது மூன்றையும் ஒரு ஃபைலில் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் பிரமாணம் செய்யும்போது பதிவு அலுவலகம் கேட்பது இவற்றைத்தான்.