மூட்லி என்று தேடினால் முதலியார் வரமாட்டார்

முதல் மூன்று வருடம் நூலகம் என்றால் எனக்கு பிளக் பாயின்ட் உள்ள மேசை, அவ்வளவுதான். பட்டத்துக்குப் பிறகான ஹானர்ஸ் ஆண்டில் ஆய்வுக் கட்டுரைக்கு, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களைத் தலைப்பாக எடுத்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

தலைப்பை அப்படியே முழு வாக்கியமாக நூலகப் பட்டியலின் தேடல் பெட்டியில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. 'இங்கே புத்தகமே இல்லை' என்று மூன்று வாரம் இணையத்தில் அலைந்தேன். கடைசியில் வரலாற்றுத் துறைக்கான நூலகரைப் பார்த்தேன். ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒருவர் இருப்பார். முதல் வாரமே போய்ப் பாருங்கள்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த விஷயத்தில் உனக்குத் தெரிந்த ஒரு நல்ல புத்தகம் சொல்லு." நூலகப் பட்டியலில் அதன் பதிவைத் திறந்து, கீழே இருந்த பொருள் தலைப்பை, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகம் போடும் பெயரைக் காட்டினார். 'ஈஸ்ட் இந்தியன்ஸ் – சவுத் ஆப்பிரிக்கா' என்று இருந்தது. நம்மை அப்படி யார் தேடுவார்கள்! அதைச் சொடுக்கியதும் வரிசையாக வந்து விழுந்தன. அப்புறம் அலமாரிக்குப் போனேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூயி எண் 968.4, அதாவது நேட்டால் வரலாறு. தேடிப்போன புத்தகத்தைவிட அதன் பக்கத்தில் இருந்தது அதிகம் உதவியது.

மூல ஆவணங்களுக்கு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி–லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போங்கள். ஆவணங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பென்சில் கொண்டுபோவது நல்லது.

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்தது முதல் 1911 வரை வந்தவர்கள் கப்பல் பட்டியல்களில் இருக்கிறார்கள். முதலியார் என்பது இங்கே 'மூட்லி' என்று குடும்பப் பெயராகிவிட்டது. நான் அந்த 'மூட்லி'யைத் தேடிக் களைத்தேன். பட்டியலில் இருப்பது ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், அப்புறம் ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த ஒரு காலனி எண். குடும்பப் பெயர் என்று இன்று நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் பிறகு ஒட்டிக்கொண்டது. முனுசாமி என்ற பெயரையே குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் வீட்டில் பழைய காகிதம் இருந்தால் முதலில் எண்ணைத் தேடுங்கள். எங்கள் ஆயாவின் பிஸ்கட் டின்னில் எண் இருந்தது. அதை வைத்துத்தான் ஆளைப் பிடித்தேன்.

கிராமத்தின் பெயர் மட்டும் புரியவில்லை. எழுதி எடுத்துவந்து ஆயாவிடம் 'ஷோலிங்கூர்' என்று வாசித்தேன். "சோளிங்கர்டா அது! மலைமேல நரசிம்மர் இருக்காரே" என்றார், தினம் போய்வருகிறவர் மாதிரி.

சந்தோஷமாக அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளவே இல்லை. மறுநாள் காலை மறுபடி வெஸ்ட்வில்லுக்கு டாக்சி பிடித்தேன்.