கன்னத்தில் அழுத்திய கண்ணாடி

"எனக்கு இருமலே இல்லையே டாக்டர், எப்படிக் காசநோய் வரும்?" இங்கே குடியேறிய மூன்றாம் ஆண்டில் தோல் மருத்துவரிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் சிரித்தபடி தன் நாற்காலியை எனக்கு அருகே நகர்த்தினார். "இது தோலில் வந்திருக்கிறது. நுரையீரலில் இல்லையென்றால் யாருக்கும் தொற்றாது. எதற்கும் மார்பை எக்ஸ்ரே எடுத்துவிடுவோம்."

அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கன்னத்தில் வலியோ அரிப்போ இல்லாத செம்பழுப்புத் திட்டு ஓரத்தில் படர்ந்துகொண்டே போக, நடுவில் தழும்பானது. ஒருவர் படர்தாமரை என்றார். இன்னொருவர் எக்ஸிமா என்று ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார். இங்கே இந்த நோய் அரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கிருந்து வந்தீர்கள் என்று விசாவுக்கு அத்தனை முறை கேட்கும் நாட்டில், மருத்துவ அறையில் ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா?

இந்தத் தோல் மருத்துவர் கேட்டார். பிறகு ஒரு கண்ணாடித் தகட்டைத் திட்டின் மேல் அழுத்தினார். சிவப்பு வடிந்து, ஆப்பிள் ஜெல்லியின் நிறத்தில் சிறு முடிச்சுகள் தெரிந்தன. லூபஸ் வல்காரிஸ், தோலில் வரும் காசநோயின் ஒரு வகை என்றார். தோலில் சிறு துண்டை எடுத்துச் சோதித்த பயாப்சியில் கிரானுலோமா, அதாவது அழற்சிச் செல்களின் திரள், இருந்தது; கிருமி கண்ணில் படவில்லை. இந்த வகையில் கிருமிகள் மிகச் சிலவே இருக்குமாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் காத்திருந்தோம். காசநோயைச் சோதிக்கும் மாண்டூ ஊசி போட்ட இடம் நன்றாகத் தடித்தது. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டவர்களுக்கும் தடிக்கலாம் என்பதால் அவர் அதை மட்டும் நம்பவில்லை.

என் புஜத்திலிருந்த பிசிஜி தழும்பைச் செவிலியர் வியப்போடு தொட்டுப் பார்த்தார். அந்தப் புண் ஆறும்வரை என்னை அந்தப் பக்கம் புரளவிடாமல் பிடித்துக்கொண்டு உறங்கியதாக அம்மா சொல்வார்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகளும் 2 மாதம். முதல் இரண்டு மட்டும் மேலும் 4 மாதம். திட்டு தட்டையானதும் நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகும். என் கைக்குட்டையைப் பார்த்த மகள், "அப்பா, ஆரஞ்சு நிறத்திலா அழுகிறீர்கள்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இந்த நாடு பழகிவிட்டது என்று அம்மாவிடம் வாராவாரம் சொல்வேன், வீடியோவில் வலது கன்னத்தை மட்டும் காட்டியபடி. கடைசி மாத்திரையை விழுங்கிய மறுநாள் இடது கன்னத்தைத் திருப்பினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. அவர் விரல் திரையைத் தடவியது மட்டும் தெரிந்தது.