சாக்கு ரோடு போட்ட தாத்தாவைத் தேடி கோஹிமா வரை

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு கேலிக்கதைதான் உண்டு. "பர்மாவுல கோணிச்சாக்கை விரிச்சு ரோடு போட்டோம், அது மேல மிலிட்டரி லாரி ஓடுச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வாராம். "ஆமா, வரும்போது அந்த ரோட்டைச் சுருட்டித் தலையில வெச்சுக்கினு வந்துட்டாரு" என்று உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுப்பாளாம். நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே தாத்தா போய்விட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் எங்கள் தலைமுறை வரைக்கும் வந்து சேர்ந்தது. யாராவது அளவுக்கு மீறி அளந்தால், "சாக்கு ரோடு போடாதே" என்போம்.

வேலூர் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் அபூர்வம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் தாத்தா பட்டாளத்துக்காரர் என்பது எங்கள் ஊரில் பெருமையும் இல்லை, செய்தியும் இல்லை. எந்தப் படை, எந்த வருடம், எங்கே இருந்தார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் திடீரென்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அப்போது விவரம் சொல்ல மிச்சம் இருந்தவர் அத்தை ஒருவர்தான். அவருக்கு எண்பத்திரண்டு.

"எங்க நைனா பேரு, நம்பரு எல்லாம் ட்ரங்குப்பெட்டி மேல வெள்ளை பெயின்ட்ல இருக்கும் கண்ணு, போய்ப் பாரு" என்றார். பார்த்தேன். பெட்டி இருந்தது. ஒரு பொங்கலுக்குச் சித்தப்பா ஜன்னல் கம்பிக்கு வாங்கிய பச்சைப் பெயின்ட் மிஞ்சிப்போய், அதைப் பெட்டிக்கு அடித்துவிட்டிருந்தார். இரண்டு கோட்டிங்.

பெட்டிக்குள் மெடல்கள் இருந்தன. நட்சத்திரம் இரண்டு, வட்டம் இரண்டு. ரிப்பன் எல்லாம் பூச்சி அரித்து நூலாகத் தொங்கியது. இதுபோலத் தேடுகிறவர்களுக்கு உபயோகமான ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் மெடல்களில், இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் ஆளின் நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வட்ட மெடலுக்கு விளிம்பில், நட்சத்திரத்துக்குப் பின்பக்கம். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த அதே மெடல் மொட்டையாக இருக்கும். வெள்ளைக்காரர் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்த காரியம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கள் வீட்டு நட்சத்திரங்களை ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். முப்பது நாற்பது வருடப் புளி. பின்பக்கம் நிலைக்கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. வட்ட மெடல்கள் தாமிரமும் நிக்கலும் கலந்தவை, புளிக்கு அவ்வளவாகப் பளபளக்காது. அதனால் தேய்க்காமல் விட்டுவிட்டார்கள், தப்பித்தேன். விளிம்பில் மெல்லிய காகிதம் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. பிறகு சேப்பர் என்பதன் சுருக்கம், தாத்தா பெயர், கடைசியில் 'எஸ். அண்ட் எம்.'. சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்.

மெட்ராஸ் சேப்பர்ஸ்! 1780-இல் தொடங்கிய படை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. 'தம்பி' என்றால் ராணுவத்தில் இவர்கள்தான். தலைமையகம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த ஏரியைச் சுற்றி நான் எத்தனை தடவை ஆட்டோவில் போயிருக்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பாக இருந்தது.

(முதல் உலகப்போருக்குப் போனவர்கள் வீட்டில் மெடலைத் தேடினால் பெரும்பாலும் கொலுசுதான் கிடைக்கும். அந்தக் காலத்து வார் மெடல் நல்ல வெள்ளி. தட்டானிடம் போய்விடும்.)

நம்பர் கிடைப்பதற்கு முன்பே ஒரு மாதம் வீணாக்கியிருந்தேன். எல்லோரையும் போல காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில்தான் முதலில் தேடினேன். நல்ல தளம். பெயர், படை, அப்பா பெயர், சிலருக்கு மனைவி பெயர், ஊர், தாலுகா வரை இருக்கிறது. வட ஆற்காடு என்று போட்டால் வரிசை வரிசையாக வருகிறது. தாத்தா பெயரை இங்கே எழுதவில்லை. முனுசாமி, கோவிந்தசாமி மாதிரி, தெருவில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெள்ளைக்கார குமாஸ்தா ஒருவிதமாக, நம்மூர் குமாஸ்தா இன்னொரு விதமாக எழுதியிருப்பார். ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஒவ்வொரு பெயராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "இதெல்லாம் செத்தவங்க லிஸ்டுங்க. உங்க தாத்தாதான் ஊருக்குத் திரும்பி வந்து அஞ்சு பிள்ளை பெத்தாரே" என்றாள்.

அதுதான் விஷயம். அந்த ஆணையம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்களைத்தான் பதிந்து வைத்திருக்கிறது. பிழைத்து வந்தவனுக்கு அங்கே இடம் கிடையாது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற கல்தான். மீதி 263 பேர் என்ன ஆனார்கள் என்று இப்போதுதான் கணக்குப் போட்டேன். ரயிலேறி வீட்டுக்கு வந்து ஏர் ஓட்டியிருப்பார்கள், வேறென்ன.

பஞ்சாப்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். முதல் உலகப்போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரம் எழுதிய பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் இருந்தன. இப்போது அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், கிராமத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

எங்களுக்கு இருந்த வழி, படையின் ஆவணப் பிரிவுக்கு எழுதுவது. முதல் கடிதத்தில் நம்பர் எழுத மறந்து, தாத்தாவின் வீரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் ஊர் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் அந்த நகலைப் படித்துவிட்டு, "கதையெல்லாம் வேணாம் தம்பி. நம்பர், பேரு, அப்பா பேரு, ஊரு, நீ என்ன உறவு. அஞ்சு வரி போதும்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருடம் வைத்திருந்து அழித்துவிடுவது ராணுவ விதி. தாத்தா போர் முடிந்து 1946-இல் கலைத்து அனுப்பப்பட்டவர், பென்ஷன் கிடையாது. அப்படியென்றால் அவருடைய காகிதம் நான் பிறந்த காலத்திலேயே போயிருக்கும். "ஆனா லாங் ரோல்னு ஒண்ணு இருக்கு. அதை அழிக்க மாட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு வரி" என்றார்.

நாலு மாதத்தில் அந்த ஒரு வரி வந்தது. நம்பர், பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து பிழை. சேர்ந்தது 1942. பர்மா, சாக்கு, ரோடு எதுவும் அதில் இல்லை. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்றார்.

அப்புறம் நானே படிக்க ஆரம்பித்தேன், பர்மாவில் சேப்பர்கள் என்னதான் செய்தார்கள் என்று. 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடிக்கு ஒரு பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சட்டென்று போடும் பாலம்) போட்டிருக்கிறார்கள், அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது. அதைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பித்தெஸ். பிட்டுமன், ஹெஸ்ஸியன் இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய பெயர். பிட்டுமன் என்றால் தார். ஹெஸ்ஸியன் என்றால் சணல் துணி, அதாவது கோணி. கல் கிடைக்காத காட்டில் மண்ணைச் சமன் செய்து, தாரில் தோய்த்த கோணித்துணியைச் சுருள் சுருளாக விரித்து, ஒன்றின் ஓரத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டிவிடுவது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, மேலே லாரி போகும். தாமுவிலிருந்து கலேவா போகும் பாதையில், பர்மாவில் ஜப்பானியரோடு சண்டை போட்ட பிரிட்டிஷ் 14-ஆவது படை இப்படித்தான் ரோடு போட்டது.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாட்டி இல்லை, சொல்வதற்கு.

தாமு இப்போது மியான்மரில் இருக்கிறது. அங்கே போகும் நிலைமை இல்லை. இந்தப் பக்கம் எல்லையில் இருக்கும் மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள். அறுபதுகளில் பர்மாவை விட்டு வந்து, திரும்பிப் போகப் பார்த்து, முடியாமல் அங்கேயே தங்கியவர்கள். அங்காளம்மன் கோயில்கூட உண்டு. தாத்தாவின் சாக்கு ரோடு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அங்காளம்மன்! ஆனால் 2023-க்குப் பிறகு மணிப்பூர் இருக்கும் இருப்பில் வீட்டில் விடவில்லை. சரி, அந்தப் படைகள் போன பாதையின் தொடக்கத்தையாவது பார்ப்போம் என்று கோஹிமாவுக்குக் கிளம்பினேன்.

குவாஹாட்டி வரை ரயில். அங்கிருந்து இன்னொரு ரயிலில் திமாப்பூர். நாகாலாந்துக்குள் போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். டிசம்பரின் முதல் பத்து நாள் ஹார்ன்பில் திருவிழா நடக்கும், அறை வாடகை எகிறும் என்பதால் நவம்பரில் போனேன். திமாப்பூரில் பகிர்ந்துபோகும் சுமோவில் நடு வரிசையில் நான்காவது ஆளாக ஒடுங்கினேன். கோஹிமா 74 கிலோமீட்டர். 1944 கணக்கில் 46-ஆவது மைல்.

இந்தச் சாலைக்காகத்தான் அவ்வளவு சண்டையும். திமாப்பூரில் ரயிலில் வந்து இறங்கும் சரக்கு இம்பாலுக்குப் போக இது ஒன்றே வழி. ஜப்பானியர் கோஹிமாவில் நுழைந்து இதைத்தான் அறுத்தார்கள். 1944 ஏப்ரல் 4-இல் தொடங்கிய சண்டை, ஜூன் 22-இல் 109-ஆவது மைல்கல்லில், கோஹிமா பக்கமிருந்தும் இம்பால் பக்கமிருந்தும் வந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சந்தித்துப் பாதை திறந்த பிறகுதான் ஓய்ந்தது. பாகலா பஹாட் என்று ஓர் இடம் வருகிறது, பைத்தியக்கார மலை. எப்போது பாறை உருளும் என்று தெரியாததால் அந்தப் பெயர். டிரைவர் அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, மேலே பார்த்துக்கொண்டே வேகமாகக் கடந்தார். மண் சரிந்த இடங்களில் பொக்லைன் வேலை நடந்துகொண்டிருந்தது. என் அரைகுறை இந்தியில், "எப்போது முடியும்?" என்று கேட்டேன். "இங்கே ரோடு வேலை முடியாது சார், ஆள்தான் மாறும்" என்றார்.

போர்க் கல்லறை நகரின் நடுவில், கேரிசன் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. 1,420 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு, பக்கத்தில் ஒரு பூச்செடி. அப்போதைய டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இங்கேதான் இருந்தது. அந்த மைதானத்தின் இரண்டு பக்கமும் இரண்டு படையும் பதுங்கி எறிகுண்டு வீசிக்கொண்டன. கோடுகளை இன்றும் வெள்ளைக் கான்கிரீட்டில் காட்டி வைத்திருக்கிறார்கள். அகலத்தை நடந்து பார்த்தேன். எங்கள் ஊர்க் களத்துமேடு இதைவிடப் பெரிது. கீழே எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும், 'உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்' என்ற பிரபலமான வாசகக் கல்லும் இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

நான் தேடிப் போனது மேலே இருக்கும் எரியூட்டு நினைவகம். எரிக்கப்பட்ட 917 இந்து, சீக்கியப் படையினரின் பெயர்கள். சிங், ராம், தாபா என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனேன். நடுநடுவே நம் பக்கத்துப் பெயர் ஒன்று வரும்போது விரல் தானாக நின்றது. தாத்தா பெயர் அங்கே இருக்காது என்று தெரியும். தெரிந்தும் கடைசிப் பெயர் வரை படித்தேன். இல்லை என்று உறுதியானபோது வந்த நிம்மதி கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான், நான் அங்கே நிற்பதே அவர் பெயர் அதில் இல்லாததால்தானே.

படியில் உட்கார்ந்து அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். கீழே வளைந்து இம்பால் பக்கம் போகும் சாலையைக் காட்டினேன். ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, இரண்டு தடவை கத்தினேன்.

"இதான் நைனா போட்ட ரோடா?"

"இல்ல அத்தை. அது இன்னும் தூரம், பர்மாவுல இருக்கு. இது வழியாத்தான் அங்க போனாங்க."

"சாக்கு?"

"அது அங்கதான் அத்தை."

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் அவருடைய நெற்றியும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன.

"அப்ப பாதி வழியிலயே நின்னுக்கினு ஏன் போன் பண்ற?" என்றார்.