குமரித் துறையில் ஒரு விசாக நாள்

வைகாசி விசாகத்தையொட்டிக் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் தேரோட்டம் நடக்கிறது. அதே வைகாசி முழுநிலவைத்தான் தேரவாத பௌத்தர்கள் புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததுமான நாளாக வணங்குகிறார்கள். பௌத்தக் காப்பியமான மணிமேகலையை நேசிக்கும் எவருக்கும் இந்த நாளில் குமரிக்கு வர இன்னொரு காரணமும் உண்டு. அதில் வரும் ஆபுத்திரனின் தாய் சாலி, தன் பிழைக்குக் கழுவாய் தேடி வாரணாசியிலிருந்து புறப்பட்டது இந்தக் குமரியில் நீராடத்தான். வழியில் அவள் விட்டுச் சென்ற குழந்தையைப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது.

சட்டையைக் கழற்றித் தோளில் இட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். கருவறை இருளில் எண்ணெய் விளக்குகளின் சுடர் அசையும்போதெல்லாம் அம்மனின் மூக்குத்தி ஒரு முறை மின்னி அடங்கியது. சந்தனக் காப்பிட்ட முகத்தில் சிரிப்பு, வலக்கையில் ஜபமாலை. பாணாசுரனை வதைத்தவள் கையில் மாலைதான் இருக்கிறது என்பதை அருகிலிருந்து கண்டபோது மனம் நெகிழ்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற அகஸ்தீஸ்வரத்துப் பாட்டி ஒருவர், “அசுரன்னு வெறுக்கக் கூடாது மக்களே, அவ கையால போனவனும் நல்ல கதிக்குத்தான் போயிருப்பான்” என்றார். சாகும் தறுவாயில் அவன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டான் என்று தலவரலாறும் சொல்கிறது.

பாட்டி சொன்னது பௌத்தர்களின் அசுரர் கதைக்கு மிக அருகில் வருகிறது. பாலி மொழிப் பௌத்த மரபின்படி அசுரர்கள் முன்பு மேரு மலையின் உச்சியில் வாழ்ந்த தேவர்களே. மதுவில் மயங்கிக் கிடந்த அவர்களைச் சக்கன், அதாவது இந்திரன், கீழே தள்ளிவிட, மேருவின் அடிவாரத்தில் அவர்களுக்கென ஓர் உலகம் தோன்றியது. அங்கும் ஒரு மரம் உண்டு. அது பூக்கும் காலத்தில், இது நம் வானுலகத்துப் பாரிசாதம் அல்லவே என்று அவர்களுக்குப் பழைய வீடு நினைவுக்கு வந்துவிடும். உடனே போர் மூளும். இழந்த இடத்தை நினைத்து ஏங்குகிற அந்த அசுரர்களை என்னால் பகைவர்களாக எண்ண முடியவில்லை. அப்படி ஒரு போரில் தோற்று ஓடிய சக்கன், தன் தேர் இலவங்காட்டில் கருடக் குஞ்சுகளை நசுக்குவதைக் கண்டு, உயிரே போனாலும் போகட்டும் என்று தேரை அசுரர் பக்கமாகவே திருப்பச் சொன்னான். துணைப்படை வந்துவிட்டதென்று அஞ்சி அசுரர்கள் ஓடினார்கள்.

தேவர்களின் நிலையும் நிரந்தரமன்று. சக்கன் ஆளும் முப்பத்து மூவர் உலகில் ஒரு நாள் என்பது நமக்கு 100 ஆண்டு. அத்தகைய நாள்களால் ஆன 1,000 ஆண்டு, மனிதக் கணக்கில் 3 கோடியே 60 லட்சம் ஆண்டு, அங்கே ஆயுள். அது முடியும் வேளையில் சூடிய மாலை வாடும், உடை அழுக்கேறும், அக்குளில் வியர்வை கசியும், மேனி ஒளி மங்கும், தன் இருக்கையிலேயே மனம் ஒட்டாது. பிறர் சாவைத் தடுக்கவும் அவர்களால் ஆகாது. மணிமேகலையில் சுடுகாட்டுப் பேயைக் கண்டு அஞ்சி இறந்த சார்ங்கலனின் தாய் கோதமை, மகன் உயிரைத் திருப்பித் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வம் அவளுக்காக அரூபப் பிரமர், உரூபப் பிரமர், தேவகணங்கள் எனச் சக்கரவாளம் என்னும் அண்டத்துத் தெய்வங்கள் அனைவரையும் வரவழைக்கிறது, எவராலும் இயலவில்லை. காப்பியத்தில் இதற்கு இணையான துயரம் வேறில்லை என்பது என் எண்ணம்.

தரிசனம் முடித்துக் கடற்கரைக்கு வந்தேன். நூறாண்டுக்கு ஒரு முறை தலைதூக்கும் குருட்டு ஆமை, கடலில் மிதக்கும் ஒற்றைத் துளை நுகத்தடிக்குள் கழுத்தை நுழைப்பது எவ்வளவு அரிதோ, கீழுலகங்களில் வீழ்ந்தவர் மீண்டும் மனிதராவது அதனினும் அரிது என்று புத்தர் சொன்னார். அலைகள் ஓயாமல் புரளும் குமரிக் கடலைப் பார்த்துக்கொண்டு அதை நினைத்தால் உடல் நடுங்குகிறது. ஆபுத்திரன் அந்த அரிய பிறவியில் அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு ஊட்டினான்; மணிபல்லவத்தில் உண்ணாதிருந்து உயிர்விட்டுச் சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்தான்; பின்பு அத்தீவுக்கே வந்து மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைத் தானே கண்டான்.

துறையில் என் தந்தைக்கு எள்ளும் நீரும் இறைத்த பிறகு, சாலிக்கும் பாணாசுரனுக்கும் ஒரு கை நீர் விட விரும்பினேன். புரோகிதர் உறவுமுறை கேட்டார். இந்த நீண்ட பிறவிச் சுழலில் என்றோ ஒரு நாள் நமக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருந்திராத உயிரைக் காண்பது எளிதன்று என்று புத்தர் கூறியிருப்பதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, இன்னும் கொஞ்சம் எள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.