பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவே: நிலநடுக்கப் பாடத்தை நான் படித்த விதம்

முதல் முறை தேர்வு எழுதியபோது நிலநடுக்கப் பகுதியில் வரையறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நிலநடுக்க மையம், வெளிமையம், முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை, மேற்பரப்பு அலை என்று வரிசையாகச் சொல்வேன். கேள்வித்தாளில் வந்ததோ ஒரு படம். நில அதிர்வுமானி வரைந்த கோடு, அதன் கீழே வினாடிக் கணக்கு. 'இந்த நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது?' என்று ஒரே வரி. பதில் எழுதாமலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மறுபடி தயாரானபோது அந்தக் கோட்டிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன். இப்போது படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒரு தாளில் அந்தக் கோட்டை நீங்களே வரையுங்கள். தொடக்கத்தில் ஏறக்குறைய நேர்கோடு. திடீரென்று பொடிப்பொடியாக நடுங்கும், அது பி அலை எனப்படும் முதன்மை அலை வந்த நேரம். கொஞ்ச நேரம் கழித்துக் கோடு சட்டென்று பெரிதாக எகிறும், அது எஸ் அலை எனப்படும் இரண்டாம் நிலை அலை. அதற்கும் பின்னால் அகலமாக ஏறி இறங்குபவை மேற்பரப்பு அலைகள். பி அலையின் வருகைக்கும் எஸ் அலையின் வருகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். அதற்குள்தான் தூரம் இருக்கிறது.

புவியின் மேலோட்டில் பி அலை வினாடிக்கு சுமார் 6 கி.மீ., எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 42 கி.மீ. தள்ளியுள்ள நிலையத்துக்குப் பி அலை 7 வினாடியில் வரும், எஸ் அலை 12 வினாடியில் வரும். இடைவெளி 5 வினாடி. 210 கி.மீ. என்றால் 35, 60. இடைவெளி 25 வினாடி. ஆக, இடைவெளியின் ஒவ்வொரு வினாடிக்கும் சுமார் 8.4 கி.மீ. இதைப் போட்டுப் பார்த்த அன்றே சூத்திரம் தானாக மனதில் நின்றுவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவுக்கு இந்தப் பெருக்கல் உதவாது. ஆழம் போகப் போக அலையின் வேகம் மாறுவதால் அங்கே பயண நேர வரைபடம்தான் வேண்டும்.

தூரம் கிடைத்தாலும் திசை கிடைக்காது. அதனால்தான் மூன்று நிலையங்கள், ஒவ்வொன்றையும் நடுவாக வைத்து அதன் தூரத்தை ஆரமாகக் கொண்ட மூன்று வட்டங்கள். காம்பஸ் எடுத்து வரைந்தபோது என் வட்டங்கள் ஒரு புள்ளியில் சேராமல் நடுவே சிறு முக்கோணம் விட்டன. தப்பாக வரைந்துவிட்டேன் என்று அழித்து அழித்து வரைந்தேன். பிறகுதான் புரிந்தது. அலை கிளம்புவது தரைக்கு அடியில் உள்ள மையத்திலிருந்து. நாம் வட்டம் போடுவது மேற்பரப்பில். மையம் ஆழமாக இருந்தால் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும்.

அடுத்து, எஸ் அலை ஏன் திரவத்தில் போகாது? 'போகாது' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். உங்கள் பென்சில் ரப்பரை முறுக்கி விடுங்கள், பழைய வடிவத்துக்குத் திரும்பும். தண்ணீரைக் கரண்டியால் பக்கவாட்டில் தள்ளுங்கள், விலகிப் போகும், திரும்பி வராது. அதே தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பி முனையை விரலால் அடைத்து அமுக்கினால் நன்றாக எதிர்க்கும். பி அலை அமுக்கி விரித்துப் போகிற அலை, அதற்கு அந்த எதிர்ப்பு போதும். எஸ் அலை பக்கவாட்டில் அசைத்துப் போவது. திரும்பி வரும் குணம் இல்லாத பொருளில் அதற்கு வழியில்லை.

இது பிடிபட்டால் நிழல் மண்டலம், அதாவது அலை நேரடியாக வந்து சேராத பகுதி, எளிது. நிலநடுக்கத்திலிருந்து சுமார் 103 பாகைக்கு (புவியின் நடுவிலிருந்து அளக்கும் கோணம்) அப்பால் நேரடி எஸ் அலை எங்குமே பதிவாவதில்லை, ஏனென்றால் புவியின் நடுப்பகுதியான கருவத்தின் வெளி அடுக்கு, அதாவது வெளிக்கருவம், திரவம். பி அலையோ கருவத்தில் நுழையும்போது விலகி வளைவதால், சுமார் 103 முதல் 142 பாகை வரை ஒரு வளையத்தை விட்டுவிட்டு அப்பால் மறுபடி தெரிகிறது. அந்த வளையத்துக்குள்ளும் மெல்லிய பி அலைகள் பதிவாகியிருந்ததை டென்மார்க்கைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமான் (Inge Lehmann) கவனித்தார். 1929ஆம் ஆண்டு நியூசிலாந்து நிலநடுக்கத்தின் பதிவுகள் அவை. உள்ளே இன்னொரு கருவம் இருந்து அலைகளைத் திருப்பினால்தான் இது நடக்கும் என்று 1936இல் எழுதினார். உட்கருவம் நமக்குத் தெரிய வந்தது அப்படித்தான். யாரும் போய்ப் பார்க்க முடியாத 5,000 கி.மீ. ஆழத்தை, மெல்லிய சில கோடுகளிலிருந்து ஒருவர் படித்திருக்கிறார். படிக்கச் சலிப்பாக இருந்த நாட்களில் நான் இந்தப் பகுதிக்குத்தான் திரும்பி வருவேன்.

பலரும் மதிப்பெண் இழக்கிற ஓர் இடம் உண்டு. 'ஆழத்தில் அடர்த்தி கூடுவதால் அலை வேகம் கூடுகிறது' என்று எழுதுவார்கள். அலை வேகத்துக்கான சூத்திரத்தில் அடர்த்தி வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அது மட்டும் கூடினால் வேகம் குறையத்தான் வேண்டும். மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே உள்ள கவசத்தில் கீழே போகப் போக, அழுத்தத்தால் பாறையின் விறைப்பு அடர்த்தியைவிட அதிகமாகக் கூடுகிறது, அதனால்தான் வேகம் ஏறுகிறது.

ரிக்டர் கணக்கு சுருக்கமாகப் போதும். ஓர் எண் கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, ஆற்றல் சுமார் 32 மடங்கு. 6க்கும் 8க்கும் ஆற்றலில் ஏறக்குறைய 1,000 மடங்கு வித்தியாசம். மெர்கலி அளவு வேறு, அது ஓர் இடத்தில் உணர்ந்த தாக்கம். 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரம் வெளிமையத்திலிருந்து (மையத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள இடம்) 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் மென்மையான மண் அதிர்வைப் பெருக்கியதால் கடுமையாகச் சிதைந்தது. இந்த ஒரு எடுத்துக்காட்டு இரண்டு அளவுகளையும் பிரித்துக் காட்டிவிடும்.

எனக்கு இரண்டாம் முறை வந்த கேள்வி, 'நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?' என்பது. நாள், நேரம் குறித்துச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு, கீழே அதே கோட்டை வரைந்தேன். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு வரும் எச்சரிக்கை, மையத்துக்கு அருகிலுள்ள கருவிகள் பி அலையைப் பிடித்ததும் கிளம்புகிறது. பலமாக ஆட்டும் எஸ் அலை வந்து சேர்வதற்குள், தூரத்தில் இருப்பவர்களுக்குச் சில வினாடிகள் கிடைக்கின்றன. ரயிலின் வேகத்தைக் குறைக்கவும், மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளவும் அந்த வினாடிகள்தான்.